மெழுகு ரூம் ரத்தினபாய்

குரோம்பேட்டைக்கும் பல்லாவரத்துக்கும் நடுவே, தோல் பதனிடும் ஷாப்புகளின் வாடை எட்டும் தூரத்தில் இருந்தது அந்தப் பட்டறை. வாசல் போர்டில் நீளமாக ஓர் ஆங்கிலப் பெயர் எழுதியிருந்தாலும் சுற்றுவட்டாரத்தில் யாரும் அதைச் சொன்னதில்லை. மெழுகு கம்பெனி என்றால்தான் ரிக்‌ஷாக்காரருக்கே தெரியும். அந்தப் பெயரை நம்பி, கிறிஸ்துமஸ் சமயத்தில் மெழுகுவத்தி மொத்தமாகக் கிடைக்குமா என்று கேட்டு வந்தவர்களும் உண்டு. அவர்களுக்கு உள்ளேயிருந்து ஒரு பெண்குரல் பதில் சொல்லும்:

"இங்க மெழுகுவத்தி செய்யறது இல்லீங்க. மெழுகத் தொலைக்கறதுதான் எங்க வேலை."

அந்தக் குரல் ரத்தினபாயுடையது. மெழுகு ரூமின் சூப்பர்வைசர். சொன்னதில் கேலி இருந்தாலும் பொய் இல்லை. நூற்பாலை மெஷின்களில் நூல் ஓடும் வழியில், விரல் நுனி அளவில் எஃகுக் கொக்கிகள் இருக்கும். அவற்றைத்தான் இந்தக் கம்பெனி வார்த்துக் கொடுத்தது. முதலில் கொக்கியை மெழுகில் செய்வார்கள். மெழுகுக் கொக்கிகளை ஒரு மெழுகுத் தண்டில் கிளை கிளையாக ஒட்டினால் முழ உயரத்துக்கு ஒரு மரம். அந்த மரத்தை இட்லி மாவு பதத்தில் இருக்கும் வெள்ளைக் குழம்பில் முக்கி, மேலே பொடிமணல் தூவிக் காயவிட்டு, மறுபடி முக்கி, மறுபடி தூவி, நாலைந்து நாளில் மரத்தைச் சுற்றிக் கெட்டியான ஒரு கூடு கட்டிவிடுவார்கள். அப்புறம் மெழுகை உருக்கி வெளியே வடித்துவிட்டு, கூட்டைச் சூளையில் சுட்டு, மெழுகு இருந்த வெற்றிடத்தில் உருகிய எஃகை ஊற்றுவார்கள். ஆறியதும் கூட்டை உடைத்தால் உள்ளே எஃகு மரம் நிற்கும்.

மெழுகில் என்ன இருந்ததோ அது அப்படியே எஃகில் வந்துவிடும். ரத்தினபாய் தன் ரூமில் வேலை செய்த ஆறு பெண்களுக்கும் அதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வார். "உங்க கைரேகை பட்டா அதுவும் எஃகாயிடும். யார் வேலைன்னு கண்டுபிடிக்க எனக்குப் போலீஸ் வேண்டாம், கொக்கியே காட்டிக் குடுக்கும்."

வார்த்து முடிந்த கொக்கியைப் பார்த்து 'போகலாம்' என்றோ 'வேண்டாம்' என்றோ சொல்வதும் அவர் பொறுப்புதான். அதற்கு அவர் ஒரு வழி வைத்திருந்தார். அனகாபுத்தூர் தறிக்காரர் வீட்டிலிருந்து மெல்லிய பருத்தி நூல் கண்டு ஒன்று வாங்கி வந்து மேஜை இழுப்பறையில் போட்டிருப்பார். ஒரு இழையைக் கொக்கியில் மாட்டி, இரண்டு கையாலும் முன்னும் பின்னும் மெதுவாக இழுப்பார். கொக்கி வழவழப்பாக இருந்தால் நூல் தண்ணீர் போல ஓடும். கண்ணுக்கே தெரியாத ஒரு பரு இருந்தாலும், ஒரு சின்னக் குழி இருந்தாலும், நூலில் பஞ்சு எழும்பி நிற்கும். பஞ்சு எழும்பினால் அந்தக் கொக்கி கழிவு டிரம்முக்குள் போய்விடும். அதில் தயவு தாட்சண்யம் கிடையாது.

ரத்தினபாய் நாசரேத் பக்கத்துப் பெண். அந்தக் குடும்பத்தில் எஸ்.எஸ்.எல்.சி. தேறிய முதல் ஆள். அந்தச் சர்டிபிகேட்டைக் கண்ணாடி போட்டு, வீட்டில் வேத வசன அட்டைக்குப் பக்கத்திலேயே மாட்டியிருந்தார். தாம்பரத்தில் பள்ளி ஆசிரியராக இருந்த சுந்தர்சிங்கைக் கல்யாணம் செய்துகொண்டு செம்பாக்கத்துக்கு வந்தார். ஏரிக்கரைப் பக்கம் ஒரு வாடகை வீடு. பகலில் பொழுது போகாமல், சபையில் நடக்கும் கல்யாணங்களுக்குக் கேக் மேல் வைக்கும் சர்க்கரைப் பூ செய்து கொடுக்க ஆரம்பித்தார். கை நடுங்காத பெண்கள் தேவை என்று அறுபத்தாறில் மெழுகு கம்பெனி விளம்பரம் கொடுத்தபோது, சர்டிபிகேட்டோடு ஒரு சர்க்கரை ரோஜாவையும் டப்பாவில் வைத்து எடுத்துக்கொண்டு மின்சார ரயில் ஏறினார். ஆவணி மாதத்துப் புழுக்கத்தில் ரோஜா வழியிலேயே கசிந்து சாய்ந்துவிட்டது.

மேனேஜர் யக்ஞநாராயணன் கிண்டியில் இன்ஜினீயரிங் படித்தவர். டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டுக் கேட்டார்: "என்னம்மா இது, வாடின பூவைக் கொண்டுவந்திருக்கேள்?"

"வாடினது வெயில்ல சார். செஞ்சது நான். இதழோட ஓரத்தைப் பாருங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு இதழின் ஓரத்தைப் பார்த்தார். அன்றைக்கே வேலை கிடைத்துவிட்டது. ஏழு வருஷத்தில் ரத்தினபாய் சூப்பர்வைசர் ஆனார். காலையில் தாம்பரத்தில் ரயில் ஏறுவது, மாலையில் தபீதாளோடு பேசிக்கொண்டே திரும்புவது, ஞாயிற்றுக்கிழமை சபை, கறிக்குழம்பு என்று வாழ்க்கை அவருக்குப் பிடித்தமாகவே ஓடிக்கொண்டிருந்தது. தபீதாள் மெழுகு ரூமில் குழம்பு முக்குகிற பெண். சேலையூர்க்காரி. ரத்தினபாய்க்கு வலக்கை மாதிரி.

எழுபத்து மூன்றாம் வருஷம் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. பட்டறைக்குப் பின்னால் தண்ணீர் தேங்கி, மெழுகு ரூமுக்குள் கொசு படை எடுத்தது. கடிப்பது பெரிய விஷயமில்லை. ஈரக் குழம்பு முக்கிய மரத்தில் கொசு உட்கார்ந்தால் ஒட்டிக்கொண்டு அங்கேயே செத்துப்போகும். அதன் மேல் மணல் விழுந்து, சூளையில் அது எரிந்து, அந்த இடத்தில் எஃகு புகுந்து கொக்கியில் ஒரு பரு முளைக்கும். அப்படி ஒன்றிரண்டு வந்தும் விட்டது. கொசுவின் கால் வரை எஃகில் தெரிந்தது என்று தபீதாள் எல்லோரிடமும் சொன்னாள். கால் தெரிந்தது என்பது மிகை.

ரத்தினபாய் ஒரு யோசனை செய்தார். கம்பெனியில் உலோகம் உருக்கி ஊற்றுகிறவர் ஜெயவேலு. பல்லாவரத்துக்காரர். வெள்ளிக்கிழமை தோறும் மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் ஃபர்னஸுக்குப் பொட்டு வைத்து, பூ சாத்தி, தூபக்காலில் கரிநெருப்பு போட்டுச் சாம்பிராணி புகை காட்டுவது அவர் வழக்கம். புகையோடு பட்டறை முழுக்க ஒரு சுற்று வருவார். மெழுகு ரூமில் இருப்பவர்கள் முக்கால்வாசி கிறிஸ்தவப் பெண்கள் என்பதால் அந்த வாசலை மட்டும் மரியாதையாகத் தாண்டிப் போய்விடுவார்.

"ஜெயவேலு அண்ணா, உங்க புகையை எங்க ரூமுக்குள்ளயும் கொஞ்சம் காட்டிட்டுப் போங்களேன். கொசு தாங்கல."

ஜெயவேலுவுக்கு ஆச்சரியம். "இன்னா ரத்னாக்கா, உங்க பாதர் ஒண்ணும் சொல்லமாட்டாரா?"

"எங்களுக்கு பாதர் இல்ல, போதகர்தான். அவரை ஐயர்னு சொல்லுவோம். அவர் வீட்டுலயும் கொசு இருக்கு."

அன்றிலிருந்து வெள்ளிக்கிழமைகளில் மெழுகு ரூமுக்குள்ளும் புகை வந்தது. ஜெயவேலு விசிறியால் நன்றாக விசிறி, மூலை முடுக்கெல்லாம் காட்டிவிட்டுப் போனார். கொசுவும் போயிற்று.

அதற்கு அப்புறம்தான் கொக்கிகள் கெட ஆரம்பித்தன. எல்லா நாளும் இல்லை, புதன்கிழமை ஊற்றுகிற கொக்கிகள் மட்டும். மேலெல்லாம் பொடிப்பொடியாகப் பரு. பருவுக்குப் பக்கத்திலேயே குண்டூசி குத்தினாற்போலக் குழி. ரத்தினபாயின் நூல் ஓடவே இல்லை, பஞ்சு பஞ்சாக நின்றது. டிரம் நிரம்பியது. கோயமுத்தூர் மில்லுக்குப் போகவேண்டிய பெட்டிகள் பாதி காலியாகக் கிடந்தன.

ஒரு புதன்கிழமை சாயங்காலம் ஜெயவேலு டிரம்மை எட்டிப் பார்த்துவிட்டு மேஜைக்கு முன்னால் வந்து நின்றார்.

"இன்னா ரத்னாக்கா, இன்னிக்கும் என் சோத்துல மண்ணா?"

"மண்ணு உங்க இரும்புல இருக்கான்னு பாருங்க அண்ணா. குழி விழுந்திருக்கு. கசடு கலந்தாத்தான் குழி விழும்."

"அப்ப பரு? பரு எங்கேந்து வந்துச்சு? உங்க குழம்புல காத்து முட்டை நின்னா பரு வரும்னு நீங்கதானே சொன்னீங்க. செவ்வாக்கெழமையும் அதே இரும்பத்தான் ஊத்தறேன், வியாழக்கெழமையும் அதத்தான் ஊத்தறேன். புதன்கெழம மட்டும் அதுக்கு இன்னா பேயா புடிக்குது? சும்மா பேஜார் பண்ணிகினு."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. குழி என்றால் ஃபர்னஸ், பரு என்றால் மெழுகு ரூம் என்பதுதான் கம்பெனியில் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. இரண்டும் ஒரே கொக்கியில் பக்கத்துப் பக்கத்தில் வந்தால் யாரைப் பிடிப்பது?

யக்ஞநாராயணன் சும்மா இருக்கவில்லை. குழம்பை மாற்றினார், மணலைச் சலிக்கச் சொன்னார், சூளையின் சூட்டை ஏற்றிப் பார்த்தார். ஒன்றும் பலிக்கவில்லை. ஒருநாள் ரத்தினபாயைக் கூப்பிட்டார். அவர் மேஜை மேல் இடுப்பு உயர நீளத்தில் பளபளவென்று ஓர் எஃகுக் கம்பி கிடந்தது.

"சாம்பிள் வரவழைச்சேன்," என்றார். "இதுலேர்ந்து லேத்துல கடைஞ்சு எடுத்து வளைச்சுடலாம். செலவு ஜாஸ்திதான். ஆனா மில்காராளுக்குப் பதில் சொல்லி மாளலே. இந்த மாசம் பார்ப்பேன். சரியாகலேன்னா லேத்துதான்."

"அப்ப மெழுகு ரூம் சார்?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். லேத்துக்கு மெழுகும் வேண்டாம், குழம்பும் வேண்டாம், ஆறு பெண்களும் வேண்டாம் என்பது அந்தத் துடைப்பிலேயே ரத்தினபாய்க்குப் புரிந்துவிட்டது.

மத்தியானச் சாப்பாட்டில் தபீதாள் மெதுவாகக் கேட்டாள்: "அக்கா, கொஞ்சம் கண்ண மூடிக்கோங்களேன். பத்துல நாலைப் போகவிட்டா பெட்டி நிரம்பிடும். நூலை இழுத்துப் பாக்கறது நீங்க ஒருத்தர்தான்."

"நான் கண்ண மூடிக்கலாம் தபீதா. மில்லுல நூல் மூடிக்குமா? அங்க அறுந்துதுன்னா மொத்தமா அறுந்துடும். அப்புறம் நம்ம ரூமு மட்டுமில்ல, ஜெயவேலு அண்ணன் ஃபர்னஸும் சேந்து போயிடும்."

தபீதாள் சாப்பாட்டு டப்பாவை மூடிவிட்டுப் போனாள். தன் கையிலிருக்கும் நூலே தன் ரூமை மூடப்போகிறது என்பதுதான் ரத்தினபாயை அரித்தது.

ஜெயவேலுவும் கவலையில்தான் இருந்தார். அந்த வெள்ளிக்கிழமை அவர் இரண்டு பங்கு சாம்பிராணி போட்டார். மெழுகு ரூமில் ரொம்ப நேரம் நின்று, கண்ணை மூடி வாய்க்குள் என்னவோ வேண்டிக்கொண்டு, புகையை ஒவ்வொரு மரத்துக்கும் காட்டினார். ரத்தினபாய்க்கே மனசு நெகிழ்ந்தது. அடுத்த புதன்கிழமை வந்த கொக்கிகள் முன்னைவிட மோசம்.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை காலை. சபைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த சுந்தர்சிங் உள்ளேயிருந்து வேட்டியும் கையுமாக வந்தார். மழை விடாததால், கஞ்சி போட்ட வேட்டியை முந்தின நாள் ரத்தினபாய் வீட்டுக்குள்ளேயே கொடி கட்டி உலர்த்தியிருந்தார். வெள்ளை வேட்டி முழுக்கக் கறுப்புப் பொட்டு.

"ரத்தினம், சபையில மூணாவது பெஞ்சுல உக்காருற ஆளு நான். இதக் கட்டிட்டுப் போனா அம்மை போட்டவன்னு ஆளாளுக்குத் தள்ளி உக்காருவாவ."

ரத்தினபாய் வேட்டியை வாங்கித் தட்டினார். பொட்டு உதிரவில்லை. நகத்தால் சுரண்டினார். கஞ்சியோடு சேர்ந்து பெயர்ந்து வந்தது. பெயர்ந்த இடத்தில், மொடமொடப்பான துணியில் சின்னதாக ஒரு குழி.

"நேத்து சாயங்காலம் வேப்பிலைப் புகை போட்டது யாரு?" என்று கேட்டார்.

"நீதான். கொசுன்னு சொல்லி இரும்புச் சட்டியில நெருப்பள்ளி விசிறி விசிறிப் போட்டியே. எனக்கு இருமலே வந்துட்டு."

ரத்தினபாய் வேட்டியைப் பிடித்தபடி கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். ஈரக் கஞ்சி. அதில் பறந்து வந்து ஒட்டிய கரித்தூள். கஞ்சி காய்ந்ததும் கரியும் அதற்குள் மாட்டிக்கொண்டது. அவர் ரூமில் கஞ்சிக்குப் பதில் குழம்பு.

சபையில் பிரசங்கம் நடந்துகொண்டிருந்தபோது அவர் விரல் மடித்து எண்ணிக்கொண்டிருந்தார். புதன்கிழமை ஊற்றும் கூட்டுக்கு முதல் குழம்பு எப்போது முக்குகிறோம்? பின்னோக்கி எண்ணிக்கொண்டு போனால் வெள்ளிக்கிழமை வந்து நின்றது. மெழுகின் மேல் நேராகப் படிவது முதல் குழம்புதான். எஃகின் தோல் அந்த முதல் பூச்சின் அச்சு. அதற்கு மேல் பூசுவதில் தூசி விழுந்தாலும் உள்ளே தெரியாது. எல்லோரும் கெட்ட கொக்கி வெளியே வந்த புதன்கிழமையையே முறைத்துக்கொண்டிருந்தார்கள். வெள்ளிக்கிழமையை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பக்கத்திலிருந்த ஒரு அம்மாள், ரத்தினபாய் ஜெபத்தில் எதையோ எண்ணிப் பொருத்தனை, அதாவது நேர்த்திக்கடன், பண்ணுகிறார் என்று நினைத்துக்கொண்டார்.

விடை கிடைத்துவிட்டது. அதை எப்படிச் சொல்வது என்பதுதான் பாக்கி. சாமிக்குக் காட்டுகிற புகையால் சாமான் கெடுகிறது என்று கம்பெனியில் ஒரு கிறிஸ்தவப் பெண் போய்ச் சொன்னால் அது எங்கே போய் முடியும்? நேராக மேனேஜரிடம் போனால் ஜெயவேலுவைக் காட்டிக்கொடுத்தது போல ஆகும். ரயில் குரோம்பேட்டையில் நிற்கும் வரை யோசித்துவிட்டு, திங்கட்கிழமை காலை அவர் மேனேஜர் ரூமுக்குப் போகாமல் ஃபர்னஸ் பக்கம் போனார். பையிலிருந்து வேட்டியை எடுத்து ஜெயவேலுவிடம் நீட்டினார்.

"இன்னாக்கா இது, வேட்டி எடுத்துக் குடுக்கறே? தீபாவளிதான் போயிடுச்சே."

ரத்தினபாய் நடந்ததைச் சொன்னார். ஜெயவேலுவின் சிரிப்பு மெல்ல வடிந்தது.

"அப்ப என் சாம்பிராணியாலதான் கெட்டுச்சுன்றியா?"

"சாம்பிராணி மேல தப்பு இல்ல அண்ணா. கரி பறக்குது. அதைவிட, உங்களை உள்ள கூப்பிட்டது யாரு? நான்தானே. நீங்க பாட்டுக்கு வாசலைத் தாண்டிப் போயிட்டு இருந்தீங்க."

"சாமிய நிறுத்தச் சொல்றே."

"நான் அப்படிச் சொல்வேனா? ஒரே ஒரு வெள்ளிக்கிழமை, ரெண்டு மரம். பாத்துடுவோம். நான் நினைக்கறது தப்பா இருந்தா நீங்க வருஷம் பூரா என் தலையில புகை போடுங்க."

ஜெயவேலு வேட்டியிலிருந்த கறுப்புப் பொட்டுகளைத் தடவிப் பார்த்தார். "செரி, கொண்டா பாக்கலாம்," என்றார்.

வெள்ளிக்கிழமை தபீதாள் இரண்டு மரங்களை அடுத்தடுத்து ஒரே குழம்பில் முக்கி வைத்தாள். ஒன்றின் மேல் ரத்தினபாய் பெரிய பிஸ்கட் டின்னைக் கவிழ்த்து மூடினார். இன்னொன்று திறந்தபடி நின்றது. ஜெயவேலு எப்போதும் போலவே புகை காட்டினார், எதையும் குறைக்கவில்லை. அவர் போய்ப் புகை அடங்கிய பிறகுதான் டின்னை எடுத்தார்கள்.

புதன்கிழமை இரண்டையும் ஜெயவேலுவே ஊற்றினார். ஆறியதும் கூட்டைத் தானே சுத்தியலால் தட்டி உடைத்தார். திறந்து நின்ற மரத்திலிருந்து ஒரு கொக்கியை அறுத்து ரத்தினபாயின் மேஜைக்குக் கொண்டுவந்து, நூலை அவரே மாட்டி இழுத்தார். பஞ்சு எழும்பி நின்றது. டின்னுக்குள் இருந்த மரத்தின் கொக்கியை மாட்டினார். நூல் ஓடியது. மறுபடி இழுத்தார். ஓடிக்கொண்டே இருந்தது.

"நல்லா ஊத்து நல்லா ஊத்துன்னு சாமியாண்ட வேண்டிகினு, நானே மண்ண வாரித் தூவிகினு இருந்திருக்கேன்," என்றார். கொக்கியை மேஜையில் வைத்துவிட்டு, "நடுவுல ஒரு வாரம் டபுள் சாம்பிராணி வேற," என்று சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். அதைப் பார்த்து தபீதாள் சிரித்தாள். ரத்தினபாய்க்குச் சிரிப்பும் வந்தது, கண்ணில் தண்ணீரும் வந்தது.

இரண்டு கொக்கிகளையும் எடுத்துக்கொண்டு மூவரும் மேனேஜர் ரூமுக்குப் போனார்கள். யக்ஞநாராயணன் பூதக்கண்ணாடி வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"கரித்தூள் சூளையில எரிஞ்சு போயிடறது. அது இருந்த இடம் பள்ளம். அதுக்குள்ள எஃகு போனா பரு. எரிஞ்சது போக மீதி சாம்பல் ஓட்டோட ஓட்டா ஒட்டிண்டு நிக்கறது. அந்த இடத்துல எஃகுல குழி. அதான் ரெண்டும் சேர்ந்தே வந்திருக்கு." கண்ணாடியைக் கீழே வைத்தார். "பாதி எரியற சாமான் எதுன்னு தேடியிருந்தா நானும் பிடிச்சிருப்பேன். வேட்டிக்குக் கஞ்சி போட்டு உலர்த்தத் தோணலை."

ஜெயவேலு முந்திக்கொண்டார். "இனிமே புகை ஃபர்னஸோட நின்னுடும் சார். பூஜை பூஜைதான், அத நிறுத்தமாட்டேன். மெழுகு ரூம் பக்கம் மட்டும் போகமாட்டேன். எங்கக்காவும் கூப்பிடமாட்டாங்க."

"சரி. கொசுவுக்கு என்ன பண்றது?"

"கொசுவலைத் துணி வாங்கிக் குடுங்க சார்," என்றார் ரத்தினபாய். "ஜன்னலுக்கு அடிச்சுடலாம். வாசலுக்கு நான் திரை தைச்சுக் கொண்டாறேன். மாட்டறதுக்கு மட்டும் ஒரு கம்பி வேணும்."

யக்ஞநாராயணன் மேஜையைச் சுற்றிப் பார்த்தார். லேத்துக்காக வரவழைத்த அந்தப் பளபளப்பான சாம்பிள் கம்பி அங்கேயேதான் கிடந்தது. எடுத்து ரத்தினபாய் கையில் கொடுத்தார்.

அந்த மாதம் மில்லுக்குப் பெட்டிகள் நிரம்பிப் போயின. லேத்துப் பேச்சு அப்புறம் எழவில்லை. வெள்ளிக்கிழமை மத்தியானம் ஆனால் மெழுகு ரூமில் எல்லா மரங்களுக்கும் டின் கவிழ்த்து, கதவைச் சாத்திவிட்டு, பெண்கள் ஃபர்னஸ் பக்கம் வருவார்கள். ஜெயவேலு பூஜை முடித்துப் பொரிகடலை கொடுப்பார். ரத்தினபாய் சற்றுத் தள்ளி, புகை வராத பக்கமாக நின்று வாங்கிச் சாப்பிடுவார். சாப்பிட்டு முடித்ததும் எல்லோரும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், புடவை முந்தானையை வெளியிலேயே உதற வேண்டும்.

ஏதாவது கேட்பதற்கு ஜெயவேலு மெழுகு ரூமுக்கு வந்தால் வாசலிலேயே நின்றுவிடுவார். "வரலாமா அக்கா?" என்பார். ரத்தினபாய் எழுந்து வந்து, அவர் சட்டைத் தோளில் சாம்பல் இருக்கிறதா என்று ஒருமுறை பார்ப்பார். இல்லை என்றால்தான் அந்த எஃகுக் கம்பியில் தொங்கும் திரையை ஒதுக்கி வழிவிடுவார்.